மின்னலும் மலையும்: தானா ராத்தா ஒளிப்படங்களில் திணைநோக்கு

கேமரன் மலையின் இடிமழையைப் பதிவு செய்யும் ஒளிப்படங்கள் பெரும்பாலும் அம்மலையை ஆளற்ற காடாகவே காட்டுகின்றன. இந்நோக்கு முழுமையானதன்று என்பது எம் கருத்து.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. எனினும் அகப்பாடலில் உரிப்பொருளே சிறந்து நிற்கிறது. குறிஞ்சிப் பாடல்களில் நள்ளிரவு மின்னல் தனித்த அழகன்று. அருவழியில் வரும் தலைவனை எண்ணித் தலைவி கொள்ளும் அச்சமே அதற்குப் பொருள் தருகிறது.

இரவு மின்னலைப் படம்பிடிப்போர் கருவியை முக்காலியில் நிறுத்தி, அதன் மூடுதிரையைப் பல நொடிகள் திறந்து வைப்பர். மின்னல் பதிவாகும், இருளில் நடந்து செல்லும் மனிதர் பதிவாகார். கருவியின் இவ்வியல்பே காண்போரின் மனப்பாங்காகவும் மாறிவிடுகிறது. தானா ராத்தாவைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளோ இயற்கைக் காடல்ல. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது முதல் தமிழர் உழைப்பும் கலந்து உருவானவை. 2013 அக்டோபர் கனமழையின்போது சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. அங்கு வாழ்வோர்க்கு மழை வெறுங்காட்சியன்று.

லயத்து வீட்டின் விளக்கொளி நீண்ட பதிவிலும் மறைவதில்லை. அவ்வொளியையும் மின்னலோடு சேர்த்துக் காட்டும் படமே திணை மரபுக்கு நெருக்கமானது எனலாம்.