திருப்பிப் பார்க்க வேண்டிய தையல்

அடைமழை விட்டு ஹட்டன் பக்கம் நல்ல வெயில் ஏறினால், லயத்துக் காம்பிராவிலிருந்து முதலில் வெளியே வருவது போர்வைதான். கொடியில் போடுவார்கள், வேலியில் போடுவார்கள், சில வேளை வாசலோரத் தேயிலைச் செடியின் மேலேயே விரித்துவிடுவார்கள். கொட்டகலையைத் தாண்டித் தலவாக்கலைக்குப் போகும் ரயிலில், சென்கிளேயர் நீர்வீழ்ச்சி வருகிறது என்றதும் பெட்டியே ஒரு பக்க ஜன்னலுக்குச் சாயும். அருவியைப் பார்க்கட்டும். லயத்து வாசலில் காய்வதையும் கொஞ்சம் பார்க்கலாம் என்பது என் கட்சி.

எங்கள் பக்கத்துப் போர்வைக்குப் பஞ்சு கிடையாது. உள்ளும் புறமும் பழஞ்சேலைதான். மூன்று நாலு சேலைகளை மடித்து அடுக்கி ஊசியால் நூலோடிவிட்டால் போர்வை. சொல்ல எளிது. எந்தச் சேலை உள்ளே, எது வெளியே என்பதில்தான் தைப்பவளின் புத்தி இருக்கிறது. நைலெக்ஸ் உள்ளே போனால் அடுக்கு வழுக்கி, கொஞ்ச நாளில் ஒரு மூலையில் போய்த் திரண்டுகொள்ளும். வாயில், சீத்தை, நூல்சேலை என்று துவைத்துத் துவைத்து மெலிந்தவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கொழுந்தெடுக்கிறவளின் சேலை எங்கே முதலில் தேயும் என்று அவளுக்குத்தான் தெரியும்: படங்கு இறுக்கிய இடுப்பு, கூடை உரசிய முதுகு. அந்த இடங்கள் மடிப்புக்குள் மறைந்துவிடும். முந்தானை அவ்வளவாகத் தேயாது, அதனால் அது முகத்துக்கு வரும். கொழுந்துக் கறை மட்டும் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. கறை விழுந்த பகுதியைக் காலடிப் பக்கமாக வைத்துத் தைப்பாள்.

இனித் தையலுக்கு வருவோம். கரையை ஒட்டி நாலு பக்கமும் ஒரு சுற்று, உள்ளே இரண்டு விரல் தள்ளி அடுத்த சுற்று என்று நடுவை நோக்கி வருவது ஒரு முறை. நீளவாட்டில் வரிவரியாக ஓடுவது இன்னொன்று. சுற்றித் தைப்பதுதான் பார்க்க அழகு. ஆனால் அடுக்குகளை முன்கூட்டியே பெரிய பெரிய தையலாகப் பிடித்து வைக்காவிட்டால், கடைசியில் துணியெல்லாம் நடுவில் வந்து கூம்பி நிற்கும். வாசலில் காயும் போர்வையின் நடுப்பகுதி தட்டையாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் கைதேர்ந்தவள் தைத்தது.

தையலின் அளவும் பேசும். புதுக்கையில் அது நெல்லளவு, பழகிய கையில் எள்ளளவு. ஒரே போர்வையில் இரண்டும் இருக்கும். பிரட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் போட்டவை நீண்டிருக்கும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இஸ்தோப்பில் உட்கார்ந்து போட்டவை நெருங்கியிருக்கும். சிவப்பு நூல் நின்று பச்சை தொடங்கும் இடம் ரீல் தீர்ந்த இடம். அதை ஒளிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. அந்த மாற்றம் சரியாக ஒரு மூலையில் விழும்படி கணக்குப் பண்ணி நூலைச் சேமிக்கிறவளும் உண்டு. முடிச்சைத் தேடிப் பாருங்கள். நல்ல போர்வையில் அகப்படாது. அடுக்குக்குள் இழுத்துப் புதைத்திருப்பாள், தூங்குகிற பிள்ளையின் கன்னத்தில் உறுத்தக்கூடாதல்லவா!

சிங்கர் மிஷின்காரர்கள் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டார்கள். லயத்தில் மிஷின் வைத்திருந்தவர்கள் சட்டையும் பாவாடையும் தைத்தார்கள். போர்வையை அதில் ஓட்டினால் அத்தனை அடுக்கில் ஊசி முறியும். முறியாவிட்டாலும் தையல் இறுகித் துணி விறைத்துப்போகும். கைத்தையல் தளர்ந்து கிடப்பதால் அடுக்குகளுக்கு நடுவே காற்று தங்குகிறது. ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரத்து ஊரில் ஜனவரி இரவைக் கழிக்க அந்தக் காற்றுத்தான் துணை.

தோட்டத்தில் கொடுத்த கம்பளி வேறு. அந்தக் காலத்தில் அதைக் கொடுத்துவிட்டு, விலையைக் கடனாக எழுதிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். மழையில் கொங்காணி போட்டது அதைத்தான். சுற்றுலாக் கையேடுகள் இந்த மலைகளைப் பச்சைக் கம்பளம் என்று வர்ணிக்கின்றன. அதன் மேல் நின்று கொழுந்தெடுத்தவர்களின் கம்பளியைப் பற்றி ஒரு வரி காணோம்.

அந்தக் கையேடுகள் காட்டும் பூங்காக்களிலும் இதே கதைதான். ஹக்கலைத் தாவரவியல் பூங்கா 1861இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கியது. நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு அரசியின் வைர விழா ஆண்டான 1897இல் அந்தப் பெயர் வைத்தார்கள். ஏப்ரலில் அங்கே பூப்பார்க்கப் போகும் குடும்பங்கள் சோற்றுப் பொதியை அவிழ்க்குமுன் புல்லில் விரிப்பது பெரும்பாலும் ஒரு பழைய சேலைப் போர்வைதான். பாத்தியில் இருக்கும் ரோஜாவை எல்லோரும் படம் எடுப்பார்கள். உட்கார்ந்திருக்கும் சீத்தையில் மங்கிப்போன ரோஜாவை ஒருவரும் எடுப்பதில்லை.

இதே கண்ணோடு ஊட்டிக்கும் போகலாம். மலையகத்தாருக்கு அது அந்நிய ஊரல்ல. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கடல் தாண்டியவர்களில் பலர் நீலகிரியில்தான் குடியேறினார்கள். கோத்தகிரி, கூடலூர், டான்டீ தோட்டங்கள் என்று இன்றும் சொந்தம் இருக்கிறது. விருந்தாளியை அவர்கள் தவறாமல் கூட்டிப்போகும் இடம் அரசினர் தாவரவியல் பூங்கா. 1848இல் அதை அமைக்கத் தொடங்கிய மக்கைவர்தான் பின்னர் நீலகிரியில் சிங்கோனாவையும் வளர்த்தார். பூங்காவுக்கு மேலே, ஏற்றத்தில், தோடர் பழங்குடியினரின் மந்து, அதாவது குடியிருப்பு, ஒன்று இருக்கிறது. கண்ணாடி வீட்டுப் பூக்களோடு திரும்பிவிடாமல் மூச்சு வாங்க ஏறிப் போனால் அவர்களின் போர்வையான பூத்துக்குளியைப் பார்க்கலாம்.

வெள்ளைப் பருத்தித் துணி, அதில் சிவப்பும் கறுப்பும் நூல். வேறு நிறம் தேவைப்படவில்லை. சட்டம் மாட்டுவதில்லை, பென்சிலால் கோலம் வரைவதில்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணி ஊசியை விடுகிறார்கள் தோடப் பெண்கள். ஓர் இழை தப்பினால் வரி முழுவதும் சரிந்துவிடும். தைப்பது துணியின் பின்புறத்திலிருந்து. ஒவ்வொரு தையலிலும் நூலைச் சற்றே தளர்த்தி விடுவதால் வேலைப்பாடு புடைத்து நிற்கிறது. சொரசொரப்பான அந்தப் பக்கத்தைத்தான் அவர்கள் சிறந்த பக்கமாக மதிக்கிறார்கள். நெய்ததா தைத்ததா என்று முதல் பார்வையில் சொல்ல முடியாது. விரலை வைத்துத் தடவினால்தான் ஊசி வேலை என்று பிடிபடும். உயிரோடு இருக்கும்போது போர்த்துவதும் இதுதான், இறந்தபின் உடலைச் சுற்றுவதும் இதுதான். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கந்தைச் சேலையில் ஓடிய தையலை இதன் பக்கத்தில் வைப்பது சரியா என்று கேட்கலாம். நுணுக்கத்தில் ஈடில்லைதான். பூத்துக்குளி தலைமுறை தலைமுறையாக வந்த சடங்குத் துணி, எங்களுடையது குளிருக்குப் பிறந்தது. ஆனாலும் இரண்டிலும் பின்பக்கம் என்று ஒதுக்கிய பக்கம் இல்லை. எங்கள் அம்மாயியிடம் போர்வையின் நல்ல பக்கம் எது என்று கேட்டால், "ரெண்டு பக்கமும் ஆள் படுக்குது, இதுல என்ன நல்லது கெட்டது?" என்பார். தோடர் போர்வைக்கு இன்று நீலகிரியில் கடையும் விலையும் இருக்கிறது. லயத்துப் போர்வைக்கு இரண்டுமே கிடையாது. விற்பதற்காக யாரும் தைத்ததில்லை. மலிவான இறக்குமதிப் பிளாங்கட் வந்தபின் வீட்டுக்காகத் தைப்பதும் குறைந்துவிட்டது.

உங்கள் வீட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால், அதை அடுப்புப் பிடிதுணியாகக் கிழிக்குமுன் தைத்தவரையோ, அவரைத் தெரிந்தவரையோ பக்கத்தில் உட்காரவைத்து எந்த அடுக்கு யாருடைய சேலை என்று கேளுங்கள். கேட்டதை ஒரு துண்டுத் துணியில் எழுதி மூலையில் தைத்துவையுங்கள்.