ஆற்றுப்படையும் விடுதி நூலும்

நூலாராய்ச்சி என்றால் காவியத்தையும் நாடகத்தையும் நாவலையுமே ஆராய வேண்டும் என்பது நம்மவருள் பலருடைய எண்ணம். கோடைக் காலத்தில் மத்தியதரைக் கடற்கரையில் எந்த மாளிகை விடுதியில் தங்கலாம், எந்த அறையின் பலகணி கடலை நோக்கியது, எங்கே உணவு சிறந்தது என்று கூறும் நூல்களை இலக்கியமென்று எவரும் ஏற்பதில்லை. ஆயினும் படிப்பவன் மனத்தில் ஆசையை எழுப்பி, அவன் கையைப் பிடித்து ஓரிடத்துக்கு அழைத்துச் செல்லும் எழுத்து எதுவாயினும் அஃது ஆராய்ச்சிக்குரியதே. அவ்வகை எழுத்தைப் பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுகளாகக் கொண்டு போற்றும் தமிழர் இதனை மறுக்க முடியாது.

கோலா சுங்கை பாருவில் செக்ரோல் எழுதும் கிராணிக்கு ஆந்தீபுக் கடற்கரை விடுதியைப்பற்றி என்ன கவலை என்று வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. அவ்விடுதியில் ஓரிரவு தங்க நமது ஒரு மாதச் சம்பளம் போதாது. ஆனால் மேனாட்டில் விடுதி தேர்ந்தெடுக்கும் கலைக்கு வேதம் போல் விளங்கும் நூல், நம் தோட்டத்து மரத்தின் பாலோடு தொடர்புடையது. ஆதலால் அந்நூலைப்பற்றி ஒரு வார்த்தை சொல்ல நமக்கும் உரிமையுண்டு.

அந்நூல் மிஷெலின் வழிகாட்டி. அதனை வெளியிட்டோர் சமையற்காரருமல்லர், விடுதிக்காரருமல்லர். பிரான்சு நாட்டில் டயர் செய்து விற்ற அந்திரே, எதுவார் என்னும் உடன்பிறந்தார் இருவர். 1900-ஆம் ஆண்டில் சுமார் 35,000 பிரதிகளை அச்சிட்டு விலையின்றி வழங்கினர். அக்காலத்துப் பிரான்சில் ஓடிய மோட்டார் வண்டிகள் மூவாயிரத்துக்கும் குறைவு. கார் ஓடினாலன்றோ டயர் தேயும்? டயர் தேய்ந்தாலன்றோ புது டயர் விற்கும்? ஆகவே வண்டிக்காரனை வீட்டைவிட்டுக் கிளப்பும் பொருட்டு எண்ணெய் கிடைக்கும் இடம், பழுது பார்க்கும் இடம், உண்ணவும் உறங்கவும் ஏற்ற இடம் ஆகியவற்றைத் தொகுத்தளித்தனர். 1920 முதல் நூலுக்கு விலை வைத்தனர். 1926-இல் நல்ல உணவுக்கு ஒரு நட்சத்திரம் தோன்றிற்று. 1931-இல் அது மூன்று படிகளாக விரிந்தது. ஒரு நட்சத்திரம் பெற்றது நல்ல உணவிடம். இரண்டு பெற்றது வழியிலிருந்து சற்று விலகியும் போகத் தக்கது. மூன்று பெற்றது அதற்கென்றே பயணம் புறப்படத் தக்கது. இவ்வளவைக் கூர்ந்து நோக்குக. சுவையை இவர்கள் நாவால் அளக்கவில்லை, தொலைவால் அளந்தார்கள். ஓர் உணவின் பெருமை, அதற்காக எத்தனை மைல் சக்கரம் தேயலாம் என்பதே! டயர் வணிகன் எழுதிய அணியிலக்கணம் இதனினும் வேறாக இருக்குமோ?

இனி இக்கரைக்கு வருவோம். மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான் என்னும் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டது 1896-இல். மலாயாவில் வாணிகத்துக்காக எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே யென்பர். வழிகாட்டியின் முதற்பதிப்புக்கு நான்கே ஆண்டு முந்தியது. அந்த 1900-இல் உலகத்தின் ரப்பரில் பெரும்பகுதி பிரேசில் காட்டிலிருந்தும் காங்கோவிலிருந்தும் போயிற்று என்பது மெய்யே. ஆனால் அதன்பின் இருபதாண்டுக்குள் மலாயாத் தோட்டங்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. அத்தோட்டங்களில் இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்து, மரத்துக்கு மரம் ஓடிக் கீறி, மங்குகளிற் சேர்ந்த பாலைக் காண்டா வாளியிற் சுமந்தவர் பெரும்பாலும் தமிழர். மூன்று நட்சத்திர முறை பிறந்த 1931-ஐ நாம் வேறொரு காரணத்தால் அறிவோம். ரப்பர் விலை வீழ்ந்து, 1930 முதல் 1932 வரை பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்ட காலம் அது. மிஷெலின் கம்பெனியோ 1925 முதல் இந்தோசீனாவிலேயே சொந்தத் தோட்டங்கள் வைத்திருந்தது. அவற்றுளொன்றாகிய பூ ரியெங் தோட்டத்தில் 1930-இல் வியத்நாமியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இவையெல்லாம் உணவுக்கு நட்சத்திரம் போடும் நூலில் வரவேண்டுமென்று நாம் கூறவில்லை. நூலின் பிறப்பைப் படிப்பவன் அறிந்திருத்தல் நன்று என்றே கூறுகிறோம்.

இனி நடையை ஆராய்வாம். நெடுங்காலம் அந்நூலில் வாக்கியமே அருமை. விடுதியின் வசதியைச் சிறு வீட்டுப் படங்களால் குறிப்பர். ஒரு வீடு எளிய வசதி. ஐந்து வீடு அரச வசதி. அதே வீடு சிவப்பு மையில் இருந்தால் இடம் இனியது என்பது பொருள். இச்சுருக்கத்தை நாம் பழிக்க மாட்டோம். இன்றைய விளம்பரத் தாள்களில் 'சொர்க்கம்', 'கனவு', 'மறக்க முடியாத' என்னும் சொற்கள் பட்ட பாட்டைப் பார்த்தால், ஒரு சிவப்பு வீடு எவ்வளவு கண்ணியமானது! மேலும் அந்நூலின் ஆய்வாளர் தம் பெயரை மறைத்துச் சென்று, தாமே பணம் கொடுத்து உண்டு, பின் தீர்ப்பெழுதுவது வழக்கம். இலவச விருந்தை உண்டு புகழ்மாலை தொடுக்கும் நம் பத்திரிகையாளர் சிலர் இதனைக் கண்டு கற்கலாம்.

ஆனால் சொல்லைச் சுருக்கினால் மனிதரும் சுருங்கிவிடுகின்றனர். படுக்கை விரித்தவள் எவள், மீன் பிடித்தவன் எவன் என்பதற்குக் குறியீடு இல்லை. இடத்துக்கும் வரலாறு இல்லை. கோடையும் கடலும் என்றும் அங்கே விருந்தினருக்காகக் காத்திருந்தன போலும்! உண்மை வேறு. நீலக்கரை என்னும் பொருள்படும் 'கோத் தசூர்' என்ற பெயரே, 1887-இல் ஸ்தெபான் லியெழார் என்பவர் எழுதிய ஒரு நூலின் தலைப்பினின்றும் வந்தது. ஒரு புத்தகம் ஒரு கரைக்குப் பெயரிட்டது! அக்கரைக்குச் செல்வர் சென்றதும் கோடையில் அன்று. ஆங்கிலப் பிரபுக்கள் குளிருக்கு அஞ்சிப் பனிக்காலத்திற் சென்றனர். கோடை வந்ததும் விடுதிகள் கதவடைத்தன. ஆந்தீபு முனையிலுள்ள 'ஓத்தெல் தியு காப்' 1923-ஆம் ஆண்டுக் கோடையில் ஜெரால்டு மர்பி, சாரா மர்பி என்னும் அமெரிக்கத் தம்பதியரின் வேண்டுகோளால் திறந்திருந்தது. அதன்பின்னரே அக்கரையில் கோடை நாகரிகமாயிற்று. நீஸ் நகரத்தின் 'நெக்ரெஸ்கோ' 1913-இல் திறக்கப்பெற்று, அடுத்த ஆண்டு மூண்ட போரில் காயமுற்றோருக்கு மருத்துவமனையாக மாறிற்று. அதைக் கட்டிய ஆன்றி நெக்ரெஸ்கோ செல்வமிழந்து 1920-இல் இறந்தார். மாளிகை விடுதியின் பளிங்குக்குப் பின்னால் இத்தனையும் உண்டு. அதைச் சொன்னால் தங்குபவனின் தூக்கம் கெட்டுவிடுமோ?

இவ்விடத்தில் நம் ஆற்றுப்படை நினைவுக்கு வருகிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, வழியிற் கண்ட வறியவனுக்குத் தான் பெற்ற வளத்தைக் கூறி அவனை ஆற்றுப்படுத்துவதே அதன் இலக்கணம். பெற்றவன் பெறாதவனிடம் பேசுகிறான். இந்தப் பேச்சின் திசையே முக்கியமானது. மேனாட்டு விடுதி நூலோ பணமுள்ளவனிடம் மட்டும் பேசுகிறது. பணமில்லாதவன் அந்நூலில் முன்னிலை ஆவதேயில்லை.

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு வழியில் மூன்று ஊர்கள் குறிக்கப்படுகின்றன. எயிற்பட்டினம் கடற்கரை ஊர். அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய நறுமண மரமே விறகு. நுளையர் மகள் அரித்த பழங்கள்ளைப் பரதவர் ஊட்டுவர். உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருவர். வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிங்கறிச் சோற்றைக் காட்டுப்பசுவின் சுட்ட இறைச்சியோடு பெறலாம். ஆமூரில் உழவர் வீட்டுப் பெண் வெண்சோறும் நண்டுக் கலவையும் இட்டு, உண்ணாமற் போகாதவாறு தடுப்பாள். கடற்கரையின் இன்பத்தை இதனினும் நன்றாக எந்த விடுதி நூல் சொல்லிற்று? நறுமண மரத்தை அடுப்பெரிக்கும் இல்லத்துக்கு எத்தனை வீட்டுப் படம் போடுவது? யாவற்றினும் மேலாக, உணவுதோறும் அதனை ஆக்கிய கை தெரிகிறது. நுளைமகள், எயிற்றி, உழவர் பெண் ஆகிய மூவரும் நம்மைப் பார்த்து நிற்கின்றனர்.

அப்பாட்டிலேயே மற்றொரு காட்சி உண்டு. அதைப் படிக்கும்போதெல்லாம் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர் எவரும் சற்று நிறுத்திவிடுவர். பரிசில் பெறுமுன் பாணன் வீட்டு அடுக்களை. ஈன்ற நாய் குட்டிகளுக்குப் பாலில்லாமற் குரைக்கிறது. சுவரைக் கறையான் அரித்திருக்கிறது, காளான் பூத்திருக்கிறது. மனைவி குப்பைக் கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, அயலார் கண்டு அலர் தூற்றுவரோ என்று நாணி, கதவையடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். அந்தக் கதவடைப்பைப் புலவன் கண்டான். ஏழையின் பசியைப் பாடியோர் பலர். ஏழையின் நாணத்தைப் பாடியோர் சிலரே. இக்காட்சியை முன்வைத்த பின்னரே நல்லியக்கோடனின் விருந்து வருகிறது. ஆகவே அவ்விருந்தின் சுவை நமக்கு விளங்குகிறது. பசியைச் சொல்லாமல் விருந்தை மட்டும் அடுக்கும் நூலில் விருந்து வெறும் பட்டியலாகிவிடும்.

இதற்கு மறுப்பு எழலாம். ஆற்றுப்படையும் விளம்பரந்தானே? சிற்றரசனிடம் பரிசு வாங்கியவன் அவன் புகழைப் பாடுவதில் வியப்பென்ன? மறுப்பை நாம் ஏற்கிறோம். நல்லியக்கோடன் கொடுத்த செல்வம் உழவன் இறுத்த வரியினின்றும் வந்ததன்றோ என்று அப்பாட்டு கேட்பதில்லை. வாயில் எல்லார்க்கும் திறந்திருந்ததா என்றும் கேட்பதில்லை. சங்கநூல் என்றவுடன் கண்ணை மூடிக் கும்பிடும் கூட்டத்தில் நாம் சேர்ந்தவரல்லேம். பணம் கொடுத்து உண்டு தீர்ப்புக் கூறுவோன் என்ற அளவில் மேனாட்டு ஆய்வாளன் பாணனைவிட உயர்ந்தவனே. ஆனால் புலவன் தன் கட்டுப்பாட்டுக்குள்ளேயே நின்று, அரசன் வாயிலுக்குப் போகும் வழியெல்லாம் குடிகளின் அடுப்பைக் காட்டிவிட்டான். விலைக்கு வாங்கப்படாத ஆய்வாளனோ அடுப்பண்டை போனாலும் தலைமைச் சமையற்காரனுக்கு அப்பால் எவனையும் காட்டுவதில்லை.

மேனாட்டிலும் இக்குறையை உணர்ந்த எழுத்தாளர் இல்லாமலில்லை. ஸ்காட் பிட்ஜெரால்டு 1934-இல் வெளியிட்ட 'டெண்டர் இஸ் த நைட்' என்னும் நாவல், அந்த ஆந்தீபு விடுதியை மாதிரியாகக் கொண்ட இளஞ்சிவப்பு விடுதியொன்றிற்றான் தொடங்குகிறது. கதைத் தலைவன் கடற்கரை மணலைத் தானே வாரிச் சீர்படுத்துகிறான். மெய்யாழ்வில் மர்பியும் அவ்வாறே செய்தவர். செல்வன் ஒருவன் குனிந்து மணலை வாரினால் அது கதையாகிறது. கூலிக்கு நாள்தோறும் வாரினவன் கதையில் இல்லை. இதுவரை அந்நாவலும் விடுதி நூலின் உடன்பிறப்பே. ஆனால் நடுவில் ஓரிடம் வருகிறது. தலைவனின் செல்வ மனைவி பாரிசில் கடை கடையாகப் பொருள் வாங்குகிறாள். அவள் வாங்கும் பொருள்களை அடுக்கிக்கொண்டே வந்த ஆசிரியர், திடீரெனத் திரும்பி, அவளுக்காக எங்கெங்கோ ஓடும் இரயில்களையும், ஆலைகளில் உழைப்போரையும், பிரேசிலின் காப்பித் தோட்டங்களில் பாடுபடுவோரையும் கூறுகிறார். ஒரே பத்திதான், உடனே கதை பழையபடி மினுக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆயினும் தோட்டத்து ஆபீசில் அமர்ந்து படிக்கும் நமக்கு அந்நாவலில் நிலைத்தது அப்பத்தியே. காப்பித் தோட்டம் வந்தது, ரப்பர்த் தோட்டம் வரவில்லையே என்று சிறிது குறைப்பட்டோம் என்பதையும் மறைப்பானேன்?

நம்மவர் எழுதும் பிரயாணக் கட்டுரைகளைப்பற்றியும் ஒரு சொல். இவற்றுட் பல, விடுதி அறையின் வாடகையையும் குளிர்சாதனத்தையும் புகைப்படத்தையும் தாண்டுவதில்லை. மார்சேலில் இறங்கினோம், நீஸில் உறங்கினோம், ரசமும் சோறும் கிடைக்காமல் வருந்தினோம் என்று முடிகின்றன. ஆற்றுப்படையைப் பாடமாகப் படித்துத் தேறியவருடைய எழுத்தா இது? எயிற்பட்டினம் இன்றைய மரக்காணத்தை ஒட்டியதென்று ஆராய்ச்சியாளர் கூறுவர். சென்னையிலிருந்து அப்பக்கம் செல்லும் கடற்கரைச் சாலை நெடுகிலும் இன்று உல்லாச விடுதிகள் உள்ளன. கோவளத்தில் 1974 முதல் இயங்கும் ஒன்றுக்கு மீனவர் துறை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரே சூட்டியிருக்கின்றனர். நுளைமகளின் பெயர் வாயிற்பலகைக்கு ஏறிவிட்டது. அவள் அடுப்பைத் தேடிச் சென்று எழுதும் தமிழெழுத்தாளர் வரட்டும்.

பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் வழியின் இன்பத்தை மட்டும் கூறவில்லை. பாம்புறையும் குழி, வழுக்கும் பாறை, தினைப்புனங் காப்போர் யானைமேல் எறியும் கவண்கல் அனைத்தையும் முன்னரே எச்சரித்தது. 2024-இல் மிஷெலின் நூலார் விடுதிகளுக்கென்றே சாவிக் குறியீடு புதிதாக ஏற்படுத்தினர். பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் உணவு வழிகாட்டி அதற்கு முன்பே, 2022 இறுதியில், வந்துவிட்டது. பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை நிற்கும் எங்கள் மலாக்காக் கரைக்கும், தஞ்சோங் பிடாரா மணலுக்கும், ஒருநாள் சாவி வரலாம். கௌசிகனார் இன்றிருந்து ஆந்தீபுக்கு வழி கூறினால் சாவியோடு நிறுத்தியிரார். கடற்கரை பொதுமக்களுக்கு உரியதென்று பிரான்சில் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் வலியுறுத்துகிறது என்பதையும், அம்முனையைச் சுற்றிப் பாறைகளின்மேல் செல்லும் நடைபாதையொன்று உண்டென்பதையும், அதற்குக் கட்டணமில்லை என்பதையும், மாளிகை விடுதியின் விருந்தினர் காணும் அதே கடலை அங்கிருந்து காணலாம் என்பதையும் கூறியிருப்பார். அலை மிகும் நாளில் அப்பாதையை அடைத்துவிடுவர் என்றும், நல்ல செருப்பணிந்து செல்க என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பார்.