கடைச் சரக்கும் கலைச் சிருஷ்டியும்

பொம்மை விற்பதற்கென்றே எடுக்கப்பட்ட ஒரு சித்திரத் தொடரைக் கலையென்று கொண்டாடுவது படித்தவர்களுக்கு அழகல்ல என்று கருதும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1996 முதல் 1999 வரை மூன்று பருவங்களாக, 52 அத்தியாயங்களில் வெளிவந்த ‘பீஸ்ட் வார்ஸ்’ தொடர், ஹாஸ்ப்ரோ நிறுவனம் தன் கென்னர் பிரிவின் மூலம் சந்தைக்குக் கொண்டுவந்த மிருக உருமாற்றப் பொம்மைகளின் விளம்பரத்துக்காகவே ஜனித்தது. ஆயினும், வியாபாரத்தின் நிர்ப்பந்தங்களைக் கதையின் நியாயங்களாக மாற்றிக்காட்டிய சாமர்த்தியத்திலேதான் அதன் கலை அடங்கியிருக்கிறது என்பது, அதன் அபிமானிகளில் ஒருவனாகிய என் திடமான அபிப்பிராயம்.

இந்த மிருகப் பொம்மைகளின் முன்னோடியான ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ பொம்மைகள் 1984-இல் முதன்முதலில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது, அந்த இயந்திர மனிதர்கள் பெரும்பாலும் லாரியாகவும் காராகவும் விமானமாகவும் உருமாறினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், லாரியாக இருந்த தலைவனின் ஸ்தானத்தில் ஒரு கொரில்லா வந்து நின்றதைக் கண்டு பழைய ரசிகர்கள் சினந்தார்கள். இரும்பாலான வீரனுக்கு மிருகத்தின் தோலும் மயிரும் எதற்கு என்ற அவர்களுடைய கேள்விக்கு, கதைப் பொறுப்பை ஏற்றிருந்த பாப் ஃபார்வர்டும் லாரி டிடில்லியோவும் கண்டுபிடித்த விடை அபாரமானது. தம்முள் போரிடும் இரு கட்சி இயந்திர மனிதர்களும் வந்து விழுந்த கிரகமெங்கும் எனர்ஜான் என்னும் சக்திப் படிகங்கள் மிதமிஞ்சிக் கிடக்கின்றன. அவற்றின் கதிர்வீச்சு இயந்திர தேகத்தைக் கெடுக்குமாதலால், மிருக உருவே அவர்களுக்குக் கவசமாகிறது. குழந்தையின் விரல்களுக்கு விளையாட்டாக இருந்த உருமாற்றம், இந்த ஒரே கற்பனையால் பாத்திரங்களுக்கு ஜீவமரணப் பிரச்சினையாகிவிட்டது. இயந்திர உருவில் நின்று போரிடும் ஒவ்வொரு கணமும் ஆபத்தின் கணமாயிற்று.

தொடரைத் தயாரித்தது, 1994-இலேயே முழுக்க முழுக்கக் கணினியால் ஆன ‘ரீபூட்’ தொடரைத் தந்த வான்கூவர் நகரத்து மெயின்ஃப்ரேம் நிறுவனம். அந்நாளில் ஒவ்வொரு புதிய உருவத்தைச் சமைப்பதும் பெருஞ்செலவு பிடித்த காரியம். ஆகவே தொடக்கத்தில் கட்சிக்கு ஐவர் என்ற அளவிலேயே பாத்திரங்கள் நின்றன. இந்த வறுமையும் வரமாயிற்று. ஆட்கள் குறைந்ததால் ஒவ்வொருவருடைய ஸ்வபாவமும் ஆழப்பட்டது. தருணம் எதுவானாலும் நையாண்டி பேசும் எலியான ராட்ராப், பொறுமையே உருவான காண்டாமிருகம் ரைனாக்ஸ், போருக்குப் போர் துண்டு துண்டாகச் சிதறி மீண்டும் ஒட்டவைக்கப்படும் குளவியான வாஸ்பினேட்டர், டேவிட் கேயின் குரலில் தன் துஷ்டத்தனத்தைத் தானே சுவைத்துப் பேசும் டைரனோசாரஸ் மெகாட்ரான் ஆகியோரை ஒருமுறை கேட்டவர் மறப்பதில்லை. இன்றைய கண்ணுக்கு அந்தச் சித்திரங்கள் கரடுமுரடானவை, தோலெல்லாம் பிளாஸ்டிக்காகத் தெரிபவை. பிளாஸ்டிக்கில் பிறந்தவர்களுக்கு அது பொருந்தாத வர்ணமும் அல்ல.

இவர்களுக்கெல்லாம் சிகரமாக நிற்பவன் டைனோபாட். மெகாட்ரானின் கட்சியிலிருந்து விலகி வந்து, எதிர்க்கட்சியில் சேர்ந்தும் எவராலும் முழுதாக நம்பப்படாத வெலாசிராப்டர் அவன். எதிர்காலம் பதிந்துள்ள பொன் தகட்டைக் கைப்பற்றி, தன் விதி முன்பே எழுதப்பட்டதா, தானே எழுதிக்கொள்ளத் தக்கதா என்று தவிக்கிறான். ஒருமுறை தகட்டோடு பழைய எஜமானனிடமே திரும்பியும் போகிறான். ஆயினும் ராட்ராப்பைக் கொல்லும்படி ஏவப்பட்டபோது அவன் கை எழவில்லை. இயன் வெயர் எழுதி 1998-இல் ஒளிபரப்பான ‘கோட் ஆஃப் ஹீரோ’ அத்தியாயத்தில் அந்தத் தவிப்புக்கு விடை கிடைக்கிறது. மெகாட்ரான் ஒரு மலையைத் தகர்க்க, தகட்டின் சித்திரமும் மாறுகிறது, எதிர்காலம் மாறக்கூடியதே. அப்படியானால் மனித குலத்தின் ஆதி முன்னோர்கள் வாழும் பள்ளத்தாக்கை மெகாட்ரான் அழித்துவிடவும் கூடும். விதி கட்டவில்லை என்று தெரிந்த அதே கணத்தில் தர்மம் டைனோபாட்டைக் கட்டிவிடுகிறது. துணைவர்கள் வந்து சேருமுன் தனியொருவனாகப் போரிட்டு, ஆயுதமெல்லாம் இழந்தபின் கொம்பில் கல்லைப் பிணைத்து மெகாட்ரானைத் தாக்கி, எஞ்சிய சக்தியைச் செலவிட்டுத் தகட்டைத் தகர்த்து, அவன் வீழ்கிறான். ‘ஹாம்லெட்’ நாடகத்து நாயகனின் இறுதி வசனத்தை அவன் உதடுகள் உச்சரிக்கும்போது அது இரவல் அணியாகத் தோன்றுவதில்லை. அவனுக்கும் அவனை ஓயாது ஏசிவந்த ராட்ராப்புக்கும் குரல் கொடுத்தவர் ஸ்காட் மக்நீல் ஒருவரே என்பதை அறிந்து, அவ்விருவருடைய பிரியாவிடையைக் கேட்டுப் பாருங்கள். நடிப்பின் நுட்பம் இன்னும் துலங்கும்.

பின்னாளில் புதிய உலோகப் பொம்மைகளுக்கு இடம் கொடுக்க வேண்டி நேர்ந்த மாற்றங்களில் சில வலிந்து புகுத்தியவையே; அதை மறுப்பது ரசனையாகாது. ஆனால் எதற்காகப் பிறந்தது என்பதைக் கொண்டு மட்டும் ஒரு சிருஷ்டியின் தரத்தை நிர்ணயிப்பதும் நீதியாகாது. நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: புகழ்பெற்ற அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் தனியே பிய்த்தெடுத்துப் பார்க்காதீர்கள், முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கி டைனோபாட்டோடு பழகிய பின்பு அவனுடைய முடிவுக்கு வாருங்கள், அதற்குப் பிறகும் இது வெறும் கடைச் சரக்கு என்று தோன்றினால், உங்களோடு வாதாட எனக்கு எதுவும் மிச்சமில்லை.