1911ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்

1911ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரில் இந்தியாவில் வெளிவந்த முதல் ரூபாய் நாணயம். கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகளில் அடிக்கப்பட்டது. மன்னரின் ஆடையில் இருந்த யானை பன்றியைப் போலத் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்து, திரும்பப் பெறப்பட்டது. சேகரிப்பாளர்கள் இதைப் ‘பன்றி ரூபாய்’ என்பர்.

அமைப்பு

எடை 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. முன்புறத்தில் சிற்பி பெர்ட்ராம் மெக்கென்னல் வடித்த, முடிசூடிய மன்னரின் மார்பளவு உருவம் உள்ளது. பின்புறத்தில் மலர் வளையத்துக்குள் மதிப்பும் ஆண்டும் உள்ளன. வளையத்தின் அடியிலுள்ள தாமரைக்குக் கீழே சிறு புள்ளி இருந்தால் அது பம்பாய் நாணயம், இல்லையென்றால் கல்கத்தா.

மதிப்பீடு

முகம் குறை சொல்ல முடியாத வேலைப்பாடு. தாடியும் மகுடமும் தெளிவாக நிற்கின்றன. பிழை மார்பில்தான். மன்னர் அணிந்திருப்பது யானை, மயில், ரோஜா கோத்த இந்தியப் பேரரசு விருது மாலை. அந்த யானை நாணயத்தில் ஓர் அரிசி அளவுகூட இல்லை. துதிக்கை குறுகி மூக்காகிவிட்டது, கால்களும் குட்டை. யானை என்று சொன்ன பிறகுதான் யானையாகத் தெரிகிறது.

இதை முஸ்லிம்களின் மத உணர்வு சார்ந்த வீண் சந்தேகம் என்று எழுதிக் கடந்துபோவது வழக்கம். அது சரியன்று. ரூபாயைச் சுண்டிப் பார்த்து, விளிம்பைத் தடவி, முத்திரையை உற்றுநோக்கி வாங்கிய காலம் அது. மக்கள் கண்டது உண்மையில் அங்கே இருந்தது. அச்சு செய்தவர்கள் கண்ணில் அது படவில்லை என்பதே வியப்பு. மேலும், 1912 முதல் யானையின் உருவம் திருத்தப்பட்டது. குறை இல்லையென்றால் திருத்தம் எதற்கு?

விலை கொஞ்சமன்று. இரு சாலைகளிலும் அடிக்கப்பட்டவை சுமார் 94 லட்சம். புழக்கத்துக்கு வந்தவை ஏறக்குறைய 7 லட்சம் மட்டுமே. அவற்றிலும் பல திரும்பி வந்து, வெளியிடாதவற்றோடு உருக்கப்பட்டன.

சேகரிப்போர் கவனத்துக்கு

புளி தேய்த்துப் பளபளப்பாக்கும் பழக்கம் வேண்டாம். முதலில் மழுங்குவது அந்தச் சிறிய யானைதான். இந்த நாணயத்தில் பார்க்க வேண்டியதும் அதுவே. வேறு ஆண்டு ரூபாயின் இலக்கத்தைச் செதுக்கி 1911 ஆக்கினாலும் யானை காட்டிக்கொடுத்துவிடும். துதிக்கை தெளிவாக நீண்டிருந்தால் அது 1911 அன்று.