டயல் நடுவே ஒரு வட்டச் சீட்டு

1937-இல் பிரிட்டிஷ் தபால்துறை கொண்டுவந்த 300 வகைத் தொலைபேசியின் கறுப்பு பேக்கலைட் உடம்பு, பாலிஷ் போட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் மினுமினுத்துவிடும். டயல் நடுவே இருக்கும் வட்டச் சீட்டில்தான் ரசனை தெரியும். இணைப்பகத்தின் பெயர், எண், சிலவற்றில் அதே ஆண்டு லண்டனில் தொடங்கிய 999 அவசர அழைப்புக் குறிப்பு, எல்லாம் அந்தச் சின்ன வட்டத்துக்குள். பழைய சீட்டுக்குப் பதிலாகப் புதியதைப் பளீர் வெள்ளைத் தாளில் அச்சடித்துச் செருகினால் முகக்களையே போய்விடும். அதனால் இத்தொலைபேசிகளைப் புதுப்பிப்பவர்கள் தாளைத் தேநீர்ச் சாயத்தில் நனைத்து உலர்த்துகிறார்கள். இங்க்ஜெட் மை கரைந்தோடும். லேசர் அச்சு தாங்கும். விளிம்பைச் சற்று வெளிர விட்டால் இன்னும் அழகு. சீட்டைப் பிடித்திருக்கும் உலோக வளையத்துக்கு அடியில் ஒளி படாத தாள் அவ்வளவாகப் பழுப்பதில்லையே! வளையத்தை மாட்டியபின் அந்த விளிம்பு யார் கண்ணிலும் படாது. அதையும் சரியாகச் செய்கிறவரின் கைமேல் எனக்குத் தனி மரியாதை.