மூலமும் மின்படியும்: ஒரு திறனாய்வு

பழைய ஏடுகளைக் கணினியில் ஏற்றிவிட்டால் அவை காக்கப்பட்டுவிட்டன என்னும் கருத்து இன்று நம்மிடையே வேரூன்றி வருகிறது. திருச்சபை ஆவணங்களுக்குப் பொறுப்பாளராகிய நாம் இக்கருத்தை ஆராயாது ஏற்றல் தகாது.

படியெடுத்தல் எக்காலத்தும் ஒருவகைப் பொருள்கோளே. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் தெளிவாக இராது. எனவே பதிப்பாசிரியர் இடந்தோறும் ஒரு பாடத்தைத் தேர்ந்தே அச்சிட வேண்டியதாயிற்று. அச்சிலிருந்து கணினிக்கு வரும்போதும் இழப்பு உண்டு. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணை, லை, னை முதலியவற்றின் பழைய வடிவிற்கும் புதிய வடிவிற்கும் யூனிக்கோடில் குறி ஒன்றே. ஆதலின் தட்டெழுதிய பாடத்தில் மூலநூலின் எழுத்துருவம் மறைந்துபோகிறது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை யாவர்க்கும் விலையின்றி வழங்கியது. அத்தொண்டு போற்றற்குரியது. ஆயினும் அதன் தொடக்ககாலக் கோப்புகளையே பின்னர் யூனிக்கோடிற்கு மாற்ற நேர்ந்தது. மின்படிக்கும் முதுமை உண்டு என்பதற்கு இதுவே சான்று.

சிறந்த நெறியைச் சீனாய்ச் சுவடி காட்டுகிறது. 4ஆம் நூற்றாண்டினதான இக்கிரேக்கத் திருமறைச் சுவடி தோலில் எழுதப்பெற்றது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியினராகிய நமக்குத் தோல் புதிதன்று. ஆனால் இது பதனிட்ட தோலன்று. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்தியது. இலண்டன், லைப்சிக், பீட்டர்ஸ்பர்க், சீனாய் ஆகிய நான்கு இடங்களில் சிதறிக் கிடந்த இதன் ஏடுகள் 2009இல் இணையத்தில் ஒன்றுசேர்ந்தன. நிழற்படமும் எழுத்துப் பாடமும் அங்கு அருகருகே உள்ளன. படத்தில் திருத்தியோரின் கைவண்ணம் தெரிகிறது. பாடம் சொல்லைத் தேட உதவுகிறது. மூல ஏடுகளோ இன்றும் பேணப்படுகின்றன.

நம் சபைகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளுக்கும் இதுவே அளவுகோல். தோல் கிடங்குகளில் உழைத்து மறைந்த எளியோர் பலருக்கு இவ்வேடுகளைத் தவிர வேறு எழுத்துச் சான்று அரிது. பெயரையும் தேதியையும் மட்டும் தட்டெழுதிக்கொண்டு ஏட்டைக் கழித்துவிடின், ஓரக்குறிப்பும், அடித்துத் திருத்திய வரியும், ஆயரின் கையொப்பமும் அழிந்துபோம். பிற்காலத்தார் ஐயுறும்போது ஒப்புநோக்க எதுவும் இராது.

மூலம், படம், பாடம் ஆகிய மூன்றும் வேண்டும். ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது. இதனை உணர்ந்து, பதிவேட்டு அலமாரியின் திறவுகோலை ஏற்கும் ஒவ்வோர் ஆயரும் மூலத்தையே முதற்கண் காப்பாராக.