ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

1729-ஐக் கொண்டாடுவோரிடம் வழக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்த எண்ணை ஊரறியச் செய்தது ஒரு டாக்சிக் கதை. ராமானுஜனின் கைவண்ணத்தைப் பார்க்க விரும்புபவர் 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்த உயர்பகு எண்கள் கட்டுரையைத்தான் திறக்க வேண்டும். தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்டதே உயர்பகு எண். அதில் 102 எண்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. கணிப்பொறி இல்லாத காலத்தில், 67,46,32,83,88,800 வரை கையாலேயே போட்டது.

அந்தப் பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600.

ரசிகனுக்கு மற்ற 102-ஐயும்விட இதன்மேல்தான் கண். இதை உடைத்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு முறை. 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று அடுக்குகள் எங்கும் ஏறாமல் இறங்கி வருகின்றன. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகள் 5040. இதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இதற்கு முந்தைய உயர்பகு எண் 4800-உடன் நின்றுவிடுகிறது. அந்த 5040-உம் 60 வகுத்திகள் கொண்ட ஓர் உயர்பகு எண்தான்!

இன்னொன்றும் உண்டு. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். 67,46,32,83,88,800 வரும். பட்டியலின் கடைசி எண்ணேதான். அதை எழுதிய கையிலிருந்து இது எப்படி நழுவியது? அடுத்து வரும் 3,21,25,37,32,800 உயர்பகு எண்களிலும் மேலான தனி வகை. அதன் பக்கத்திலேயே இருந்ததால் இது மறைந்துபோயிருக்கலாம். எப்படியானாலும், பட்டியலின் மதிப்பு இதனால் இம்மியும் குறையவில்லை.

ராமானுஜனின் வழிகாட்டியான கணிதவியலாளர் ஹார்டிக்கு இந்தத் துறை கணிதத்தின் பெருவழியிலிருந்து சற்று ஒதுங்கியதாகவே பட்டது. காலம் வேறு பதில் சொன்னது. சங்கத்தின் பணமுடையால் அன்று அச்சேறாமல் நின்ற கட்டுரையின் பிற்பகுதியில், வகுத்திகளின் கூட்டுத்தொகையை, பகா எண்களின் பரவல் பற்றிய இன்னும் நிறுவப்படாத ரீமன் கருதுகோளோடு இணைக்கும் ஆய்வு இருந்தது. 1984-இல் கணிதவியலாளர் கீ ரோபன் தந்த முடிவு அதே வழியில் செல்கிறது: 5040-க்கு மேல் ஓர் எண்கூட அந்தக் கூட்டுத்தொகைக்குரிய வரம்பை மீறாவிட்டால் கருதுகோள் மெய், ஒன்றே ஒன்று மீறினாலும் பொய். மீண்டும் 5040! அச்சேறாமல் நின்ற அந்தப் பக்கங்களை ரோபனும் இன்னொரு கணிதவியலாளரான நிக்கோலாவும் 1997-இல் பதிப்பித்தார்கள்.

இன்று எண் ரசனை என்பது நீளம் பார்ப்பதாகச் சுருங்கிவிட்டது. 2024-இல் 4,10,24,320 இலக்கப் பகா எண் கிடைத்தபோது எல்லோரும் இலக்கங்களின் எண்ணிக்கையைத்தான் பேசினார்கள். அந்தச் சாதனை பெரிதுதான். ஆனால் அந்த எண்ணை யார் உட்கார்ந்து உடைத்துப் பார்க்க முடியும்? பன்னிரண்டு இலக்க எண்ணுக்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.

ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பு வீட்டில் இருப்பவர்கள் பட்டியலைத் திறந்து, 2,40,94,02,99,600-க்கும் 3,21,25,37,32,800-க்கும் நடுவே இந்த எண்ணைப் பென்சிலால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.